மைல் கணக்கு: பயணப் புள்ளிகளின் உண்மை விலை

2020 ஜூன் மாதம். கொரோனாவால் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றிருந்தன. பணத்துக்குத் தவித்த யுனைடெட் ஏர்லைன்ஸ், பயணிகளுக்கு மைல் வழங்கும் தன் ‘மைலேஜ்பிளஸ்’ திட்டத்தை ஈடாக வைத்துக் கடன் கேட்டது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று கணக்கும் காட்டியது. அன்றைக்குப் பங்குச் சந்தை அந்த நிறுவனம் முழுவதற்கும் போட்டிருந்த விலையைவிட அது அதிகம். கடன் கொடுத்தவர்கள் அதை நம்பினார்கள். 680 கோடி டாலர் திரண்டது. டெல்டாவும் அமெரிக்கன் ஏர்லைன்ஸும் அடுத்தடுத்து அதே வழியில் போயின.

பயணி இலவசம் என்று நினைத்து வாங்கிக்கொள்ளும் ஒன்று, கொடுப்பவருக்கு இவ்வளவு பெரிய சொத்து. அப்படியானால் அந்த மைலில் பயணிக்குச் சேரும் பங்கு எவ்வளவு, அதைக் கூட்டிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நியாயம். டல்லாஸில் மகள், சிங்கப்பூரில் மகன், டொராண்டோவில் அக்கா என்று பிரிந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பொழுதுபோக்குக் கேள்வியும் இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு புதுக் கணக்கு தொடங்கி, நான்கைந்து திட்டங்களில் சில ஆயிரம் மைல்களைச் சிதறவிட்டு, கடைசியில் எல்லாம் காலாவதியாகிப் போவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மைல் என்பது அச்சடித்தவரே நினைத்தபோது மதிப்பைக் குறைக்கக்கூடிய நாணயம். அதை மலிவாகச் சம்பாதிக்க வேண்டும், சரியான இடத்தில் செலவழிக்க வேண்டும், சீக்கிரம் செலவழிக்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் லாபம் கரைந்துவிடும்.

எப்படித் தொடங்கியது

1978-இல் அமெரிக்கா விமானக் கட்டணத்தையும் வழித்தடங்களையும் அரசுக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. அதுவரை கட்டணத்தை அரசு நிர்ணயித்ததால், நிறுவனங்களுக்குள் விலைப் போட்டிக்கு இடமே இருக்கவில்லை. கட்டுப்பாடு போனதும், அடிக்கடி பறக்கும் வியாபாரப் பயணியை எதைக் கொடுத்துத் தக்கவைப்பது என்ற கேள்வி எழுந்தது. டெக்சாஸ் இன்டர்நேஷனல் 1979-இலேயே இப்படி ஒன்றை முயன்று பார்த்திருந்தது. ஆனால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே 1 அன்று தொடங்கிய ‘அட்வான்டேஜ்’தான் உலகம் முழுவதும் பின்பற்றிய மாதிரி. சில நாட்களிலேயே யுனைடெட்டும் தன் திட்டத்தை அறிவித்தது.

1987-இல் சிட்டி வங்கி அட்வான்டேஜ் மைல் தரும் கிரெடிட் கார்டைக் கொண்டுவந்தபோது ஆட்டத்தின் போக்கு மாறியது. அதற்கு முன் மைல் சேர விமானம் ஏற வேண்டும். அதன் பின் மளிகைக் கடைக்குப் போனாலே போதும். விமான நிறுவனம் மைலை வங்கிக்கு மொத்தமாக விற்கிறது, வங்கி அதை வாடிக்கையாளருக்குச் சில்லறையாகக் கொடுக்கிறது. டெல்டா 2024-ஆம் ஆண்டில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸிடமிருந்து மட்டும் பெற்றது சுமார் 740 கோடி டாலர். விமான நிறுவனத்துக்கு மைல் பயணிக்குக் காட்டும் நன்றி என்ற நிலை எப்போதோ போய்விட்டது; இன்று அது விற்பனைச் சரக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் விதிகள் எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது விளங்கும்.

இந்தச் சந்தையில் பயணி ஜெயித்த கதைகளும் உண்டு. 1999-இல் ஹெல்தி சாய்ஸ் என்ற உணவு நிறுவனம், பத்துப் பொருள்களின் பார்கோடுகளை அனுப்பினால் 500 மைல், குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்பினால் 1,000 மைல் என்று விளம்பரம் செய்தது. கலிபோர்னியாவில் ஒரு பொறியாளர் கடை கடையாகத் தேடி, ஒன்று 25 சென்ட் விலையில் விற்ற புட்டிங் கிண்ணங்களைக் கண்டுபிடித்தார். 12,150 கிண்ணங்கள் வாங்கினார். செலவு 3,140 டாலர். அத்தனை பார்கோடுகளையும் உரித்தெடுக்க ஆள் வேண்டுமே! சால்வேஷன் ஆர்மி தொண்டர்கள் உரித்துக் கொடுத்தார்கள். புட்டிங்கை அவர்களுக்கே தானமாகக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கில் ஏறியது 12 லட்சத்துக்கும் மேற்பட்ட மைல். ஒரு மைலுக்கு அவர் கொடுத்த விலை கிட்டத்தட்டக் கால் சென்ட். அவருடைய சாமர்த்தியம் விளம்பரத்தைப் பார்த்ததில் இல்லை, அதை எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒரு மைல் தனக்கு என்ன விலைக்கு விழுகிறது என்று வாங்கும் முன்பே வகுத்துப் பார்த்தாரே, அதில்தான் இருக்கிறது.

ஒரு மைலின் மதிப்பு என்ன?

வழக்கமான சூத்திரம் எளிது. டிக்கெட்டின் பண விலையிலிருந்து, மைல் கொடுத்து எடுக்கும்போதும் கையிலிருந்து கட்ட வேண்டிய வரி, கட்டணங்களைக் கழித்து, வரும் தொகையைக் கேட்கப்படும் மைல்களால் வகுக்க வேண்டும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து அமெரிக்கா போய்வர எகானமி டிக்கெட் 1,20,000 ரூபாய். அதே டிக்கெட் 85,000 மைலும் 22,000 ரூபாய் வரியும் கொடுத்தால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 98,000-ஐ 85,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 1.15 ரூபாய். நல்ல விலை போலத் தெரிகிறது.

இந்தக் கணக்கில் இரண்டு திருத்தங்கள் தேவை. முதலாவது, நீங்கள் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால் அந்த 1,20,000 ரூபாய் டிக்கெட்டையா வாங்கியிருப்பீர்கள்? வேறொரு விமானத்தில் 95,000-க்குக் கிடைத்திருந்தால், மிச்சமாவது 73,000 ரூபாய்தான். இரண்டாவது, காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு மைல் சேரும். மைல் கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்குச் சேராது. 5,000 மைல் சேர்ந்திருக்கும் என்றால், உண்மையில் நீங்கள் கொடுப்பது 90,000 மைல். 73,000-ஐ 90,000-ஆல் வகுத்தால் 81 பைசா. 1.15 ரூபாய் என்று தெரிந்தது 81 பைசாவாகிவிட்டது.

பிசினஸ் கிளாஸில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. டிக்கெட் விலை 3,20,000 ரூபாய், கேட்பது 1,50,000 மைலும் 30,000 ரூபாயும் என்றால் சூத்திரம் 1.93 ரூபாய் என்று காட்டும். மைல் ஆர்வலர்கள் மார்தட்டுவது இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் அந்த இருக்கைக்கு உங்கள் பையிலிருந்து அதிகபட்சம் 1,70,000 ரூபாய்தான் கொடுப்பீர்கள் என்றால் மதிப்பு 93 பைசா. அந்த 1,70,000 என்ற எண்ணை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. முழங்கால் வலியோடு இருபது மணி நேரம் பயணம் செய்யும் எழுபது வயது அம்மாவுக்குக் கால் நீட்டிப் படுக்க ஒரு படுக்கை எவ்வளவு பெறும் என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும். நேர்மையாக அந்த எண்ணைப் போட்டுக்கொண்டால் போதும்; அதன் பிறகு ஏமாற வழியில்லை.

சம்பாதிக்கும் விலை

81 பைசா லாபமா நஷ்டமா? அந்த மைல் உங்களுக்கு என்ன விலைக்கு விழுந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு கார்டு 100 ரூபாய்ச் செலவுக்கு 1.50 ரூபாய் கேஷ்பேக் தருகிறது, இன்னொன்று 2 மைல் தருகிறது என்று கொள்வோம். இரண்டாவது கார்டைத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மைலை 75 பைசாவுக்கு வாங்குகிறீர்கள். 81-க்கு விற்றால் மைலுக்கு 6 பைசா லாபம். 90,000 மைலுக்கு 5,400 ரூபாய். கார்டின் வருடக் கட்டணம் 5,000 என்றால் மிஞ்சுவது 400 ரூபாய். இருக்கை தேடிய நேரத்துக்குக் கூலி போட்டால் அதுவும் இல்லை.

பில்லை முழுதாகக் கட்டாமல் பாக்கி வைப்பவருக்குக் கணக்கு தலைகீழாகிவிடும். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், ஒரு லட்சம் ரூபாய்க்கு ஒரு மாதத்தில் 3,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய், ஆக 4,130. அந்த ஒரு லட்சத்துக்குக் கிடைத்தது 2,000 மைல். மைலுக்கு 2 ரூபாய்க்கு மேல் கொடுத்தாயிற்று. கடன் பாக்கி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மைல் கார்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. இதில் விதிவிலக்கு கிடையாது.

மலிவாக மைல் கிடைக்கும் வழிகள் சிலவே. கார்டு வாங்கியவுடன் தரும் வரவேற்பு மைல், குறிப்பிட்ட தொகையைச் செலவழித்தால் தரும் கூடுதல் மைல், அலுவலகம் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பயணங்கள் ஆகியவைதாம் அவை. விமானத்தில் பறந்து சேர்ப்பது முன்பு போல் இல்லை. டெல்டாவும் யுனைடெட்டும் 2015-இலும், அமெரிக்கன் 2016-இலும், பறந்த தூரத்துக்குப் பதிலாகக் கொடுத்த கட்டணத்துக்கு ஏற்ப மைல் தரத் தொடங்கின. ஏர் இந்தியாவும் 2024-இல் அதே முறைக்கு வந்துவிட்டது. மலிவு டிக்கெட்டில் பத்தாயிரம் மைல் பறந்தாலும் கணக்கில் ஏறுவது சொற்பம்தான்.

இந்திய கார்டுகளில் பெரும்பாலும் நேராக மைல் ஏறுவதில்லை. வங்கியின் பாயிண்ட் சேர்ந்து, அதை விமானத் திட்டத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். இங்கே ஒரு விதியை மறக்கவே கூடாது: இருக்கை இருக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொள்ளாமல் பாயிண்டை மாற்றாதீர்கள். மாற்றியதைத் திரும்பப் பெற முடியாது. வங்கியில் இருக்கும்வரை அந்தப் பாயிண்டுக்குப் பத்து வாசல் உண்டு. மாற்றிய பிறகு ஒரே வாசல். அதற்காக வங்கியிலேயே நெடுநாள் தூங்கவிடவும் முடியாது. 2023 செப்டம்பரில் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டில் 5 பாயிண்டுக்கு 4 மைல் என்றிருந்த விகிதம் 5-க்கு 2 என்றானது. அதை நம்பிச் சேர்த்து வைத்திருந்தவர்களின் கையிருப்பு அதன்பின் பாதியாகிவிட்டது.

எங்கே செலவழிப்பது

மைலுக்குக் கிடைக்கும் மோசமான விலை, பரிசுக் கூப்பன்களிலும் ஷாப்பிங் பட்டியல்களிலும்தான். மலிவுக் கட்டணம் தாராளமாகக் கிடைக்கும் உள்நாட்டுத் தடங்களிலும் பெரிதாகத் தேறாது. பண விலை உயர்ந்தும் மைல் விலை அசையாமலும் இருக்கும் இடங்களைத் தேடுவதுதான் மொத்த வித்தையும். அப்படிப்பட்ட இடங்கள் நான்கு.

முதலாவது, கூட்டணி நிறுவனங்களின் இருக்கைகள். ஸ்டார் அலையன்ஸ் 1997-இலும், ஒன்வேர்ல்டு 1999-இலும், ஸ்கைடீம் 2000-இலும் தோன்றின. ஒரு நிறுவனத்தின் மைலைக் கொடுத்து அதே கூட்டணியில் உள்ள இன்னொரு நிறுவனத்தின் விமானத்தில் பறக்கலாம். ஏர் இந்தியா 2014-இல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் லுஃப்தான்சாவும் அதே கூட்டணி. ஆக, சென்னைக்காரர் ஒரே திட்டத்தில் மைல் சேர்த்தாலே கிழக்கே சிங்கப்பூர் வழியாகவும் மேற்கே ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் கதவு திறக்கும். ஒரே இருக்கைக்கு வெவ்வேறு திட்டங்கள் வெவ்வேறு மைல் விலை கேட்பதும் வழக்கம். மூன்று திட்டங்களிலாவது விசாரிக்காமல் முன்பதிவு செய்வது கையில் இருப்பதை வீசுவதற்குச் சமம்.

இரண்டாவது, தூரத்தை அடுக்கடுக்காகப் பிரித்து விலை வைக்கும் திட்டங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸும் கத்தார் ஏர்வேஸும் பயன்படுத்தும் ‘ஏவியோஸ்’ அந்த வகை. குறைந்த தூரத்துக்குக் குறைந்த மைல். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருக்கிறது. சென்னையிலிருந்து கொழும்பு 700 கிலோமீட்டருக்கும் குறைவு. திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் இன்னும் குறைவு. எல்லாம் மிகக் கீழ் அடுக்கில் வந்துவிடும். விடுமுறைக் காலத்தில் இந்தத் தடங்களின் பண விலை ஏறும்போது, சில ஆயிரம் மைல்களுக்குக் கிடைக்கும் சரியான பயன் இதுதான்.

மூன்றாவது, ஒருவழிப் பயணம். பன்னாட்டுத் தடங்களில் ஒருவழி டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் பல நேரம் போய்வரும் கட்டணத்தில் பாதியைவிட மிக அதிகம் கேட்பார்கள். மைல் விலையோ பெரும்பாலான திட்டங்களில் சரிபாதி. மகளின் பிரசவத்துக்குப் போகும் அம்மா எப்போது திரும்புவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? யுனைடெட், அமெரிக்கன் போன்றவை, புறப்படும் முன் ரத்து செய்தால் மைலைக் கட்டணமின்றித் திருப்பித் தருகின்றன. தேதி நிச்சயமில்லாத பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

நான்காவது, வழியில் தங்கும் சலுகை. ஏர் கனடாவின் ‘ஏரோபிளான்’ திட்டத்தில் கூடுதலாக 5,000 பாயிண்ட் கொடுத்தால், வட அமெரிக்காவுக்கு வெளியே ஓர் ஊரில் சில நாள் இறங்கித் தங்கிவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். டொராண்டோவிலிருந்து கொழும்புக்குப் போகும் ஒரு குடும்பம் வழியில் ஜூரிச்சில் இருக்கும் சித்தப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம். சொந்தபந்தம் மூன்று கண்டங்களில் பரவிக் கிடக்கும் ஈழத்தமிழர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதில் கவனிக்க வேண்டிய பள்ளம் ஒன்று உண்டு. மைல் டிக்கெட்டோடு கட்டும் தொகையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று அரசுக்கும் விமான நிலையத்துக்கும் போகும் வரி. அதைத் தவிர்க்க முடியாது. மற்றது, எரிபொருள் என்ற பெயரிலும் வேறு பெயர்களிலும் விமான நிறுவனமே போட்டுக்கொள்ளும் கூடுதல் கட்டணம். சில ஐரோப்பிய நிறுவனங்களில் இது பல பத்தாயிரம் ரூபாயை எட்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களுக்கு 2017-இல் இதை நீக்கியது. ஏரோபிளான் 2020-இல் எல்லாக் கூட்டாளி விமானங்களுக்கும் நீக்கியது. குறைந்த மைல் கேட்கும் திட்டத்தைவிட, கொஞ்சம் அதிக மைல் கேட்டு இந்தக் கட்டணத்தை விட்டுவிடும் திட்டம் பல நேரம் லாபம்.

இவ்வளவும் தெரிந்தாலும் இருக்கை கிடைக்க வேண்டும். நல்ல விலை இருக்கைகள் பெரும்பாலும் இரண்டு சமயங்களில் கண்ணில் படும்: பயணத்துக்குப் பத்துப் பதினொரு மாதம் முன்பு முன்பதிவு திறக்கும்போது, பிறகு, விற்காத இருக்கைகளை விடுவிக்கும் கடைசி இரண்டு வாரங்களில். பள்ளி விடுமுறையையும் டிசம்பரையும் நம்பி இருப்பவர்களுக்கு இது சிரமம். எந்த வாரமும் புறப்படக்கூடிய ஓய்வுபெற்றவர்களிடம்தான் இந்தச் சந்தையின் மிகப் பெரிய முதலீடு இருக்கிறது: தேதியை நகர்த்தும் வசதி.

ஏன் சீக்கிரம் செலவழிக்க வேண்டும்

மைல் ஊறுகாய் ஜாதி அல்ல, பால் ஜாதி. முதல் காரணம் காலாவதி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. அமெரிக்கனில் 24 மாதம் கணக்கில் எந்த வரவு செலவும் இல்லையென்றால் போய்விடும். யுனைடெட், டெல்டா மைல்களுக்குக் காலாவதி இல்லை; ஆனால் மதிப்பு தேய்வதற்குத் தடையும் இல்லை. டெல்டா 2015-இலும் யுனைடெட் 2019-இலும், எந்த ஊருக்கு எத்தனை மைல் என்ற அட்டவணையையே எடுத்துவிட்டன. இப்போது பண விலை ஏற ஏற மைல் விலையும் ஏறும். அட்டவணை இல்லாத இடத்தில் விலை ஏற்றத்தை அறிவிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவது காரணம் நிறுவனமே மூழ்கிப் போவது. 2001 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஆன்செட் நொடித்தபோது உறுப்பினர்களின் பாயிண்டுகள் வெறும் எண்களாகின. 2012-இல் கிங்ஃபிஷரோடு அதன் கிங் கிளப் மைல்களும் போயின. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது மட்டும் கதை வேறு: ஜெட்பிரிவிலேஜ் திட்டம் எதிஹாட் பெரும்பங்கு வைத்திருந்த தனி நிறுவனமாக இருந்ததால் ‘இன்டர்மைல்ஸ்’ என்ற பெயரில் பிழைத்தது. ஆனால் மைல்களை எந்த விமானத்துக்காகச் சேர்த்தார்களோ அந்த விமானம் இல்லை.

மூன்றாவது காரணம் சட்டம். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1988-இல் ஏற்கெனவே சேர்ந்த மைல்களுக்கும் சேர்த்து விதிகளை மாற்றியபோது உறுப்பினர்கள் வழக்குப் போட்டனர். ஒப்பந்த மீறல் என்று வழக்காடலாம், மாநில நுகர்வோர் சட்டத்தைக் காட்டி வழக்காட முடியாது என்று 1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. நார்த்வெஸ்ட் நிறுவனம் மின்னசோட்டா யூத மதகுரு ஒருவரின் உறுப்பினர் கணக்கை ரத்து செய்த வழக்கில் 2014-இல் தீர்ப்பு வந்தது. நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டிய கடமையை மீறினார்கள் என்ற அவருடைய வாதத்தையும் நீதிமன்றம் ஒருமனதாக நிராகரித்தது. 2024 செப்டம்பரில்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, நான்கு பெரிய நிறுவனங்களிடம் மதிப்புக் குறைப்பு பற்றியும் மறைமுக விலை பற்றியும் விளக்கம் கேட்டது. கணக்கு நம்முடையது, பேனா அவர்களுடையது என்ற நிலை இன்றுவரை மாறவில்லை.

யாருடைய மைல்?

ஒரு கேள்வியை விட்டுவிட்டு இந்த ஆய்வை முடிப்பது சரியாகாது. அலுவலகப் பணத்தில் பறந்து சேர்ந்த மைல் யாருக்குச் சொந்தம்? 2002-இல் ஜெர்மனியில் மக்கள் பிரதிநிதிகள் சிலர் அலுவல் மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளிவந்தது. பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரெகோர் கீசி பதவியையே துறந்தார். இந்திய அரசின் விதிப்படி, அலுவல் பயணத்தில் சேரும் மைல் துறையின் அடுத்த அலுவல் பயணத்துக்குத்தான் பயன்பட வேண்டும். நார்வே 2002 முதல் 2013 வரை உள்நாட்டு விமானங்களில் மைல் வழங்குவதையே தடை செய்திருந்தது. மைலுக்காகப் பயணி ஒரே நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் போட்டி அழியும் என்பது அதன் வாதம். தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் மைல் ஊழியருக்கே போகிறது. அது சம்பளத்தில் ஒரு பகுதி போல இருந்தால் தவறில்லை. மைலுக்காக அலுவலகத்தின் தலையில் அதிக விலை டிக்கெட்டைக் கட்டுவது தவறு.

தேவையில்லாத பயணத்தையும் மைல் தூண்டுகிறது. அடிக்கடி பறப்பவருக்குத் திட்டம் தரும் உயர் அந்தஸ்து கைவிட்டுப் போகாமலிருக்க ஆண்டுக் கடைசியில் எங்கேயாவது பறந்துவிட்டு வருபவர்கள் உண்டு. அப்படிப் பறப்பவர் தன் பணத்தையும் எல்லோருக்கும் பொதுவான காற்றையும் சேர்த்தே எரிக்கிறார்.

முடிவாக

ஆண்டுக்கு ஒருமுறைகூட வெளிநாடு போகாத குடும்பத்துக்கு நல்ல கேஷ்பேக் கார்டு போதும். மைலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பிள்ளைகளைப் பார்க்கத் தவறாமல் பறப்பவர்கள் ஸ்டார் அலையன்ஸில் ஒன்று, ஒன்வேர்ல்டில் ஒன்று என இரண்டே திட்டங்களை வைத்துக்கொள்ளலாம். பயணத்தை முதலில் முடிவு செய்து, பிறகு இருக்கையைத் தேடி, அதன் பிறகே பாயிண்டை மாற்ற வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் செலவழிக்க முடியாத மைலைச் சேர்க்கவே வேண்டாம்.

பயணி இவ்வளவு கணக்குப் போட வேண்டியிருப்பதே முறையான சந்தைக்கு அடையாளம் அல்ல. மைலை வங்கிகளுக்குப் பணத்துக்கு விற்கும் நிறுவனம், அதன் மதிப்பைக் குறைக்கும் முன் குறைந்தது ஆறு மாத அறிவிப்புத் தர வேண்டும். மைல் டிக்கெட்டின் விலையை வெளிப்படையான அட்டவணையில் காட்ட வேண்டும். நிறுவனம் மூழ்கினால் மைலுக்கு ஈடாக ஒரு நிதி தனியே இருக்க வேண்டும். இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் நுகர்வோர் ஆணையமும் கேட்டால் இது நடக்கக்கூடியதுதான். கோடிக்கணக்கான டாலர் கடனுக்கு ஈடாக ஏற்கப்படும் ஒரு சொத்துக்கு, அதைச் சேர்த்துக் கொடுத்த பயணியிடமும் அதே அளவு பொறுப்பு இருந்தாக வேண்டும்.